அம்புக்காரி வெட்டிய கோட்டு

தொழிற்சாலையில் அவளுக்கு அம்புக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. தைத்து முடிந்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, தையல் விலகிய இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு விழுந்த சட்டை, அதைத் தைத்தவரிடமே திரும்பிப் போய்விடும். தைத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைப்பார். அம்புக்காரி அடுத்த சட்டைக்குப் போயிருப்பாள். ஸ்டிக்கர்ச் சுருளை எப்போதும் வாயில் கவ்விக்கொண்டிருப்பதால், வேலை நேரத்தில் அவளோடு யாரும் சண்டை போடவும் முடியாது.

வெளியிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் காலரைப் பார்த்து "ச்சே" என்பாள். ஒன்று நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று அவளுக்குப் பயமோ என்னவோ.

அவள் அம்பு விழாத ஒரே ஆள் காலர்காரர். காலர் வைப்பதில் அப்படி ஒரு கை அவருக்கு. அவருடைய காலர்களில் குறை தேடித் தேடிப் பார்த்தவள் கடைசியில் அவரையே கட்டிக்கொண்டாள். குற்றம் பிடிக்கப் போய் ஆளையே பிடித்துவிட்டாள் என்று லைனில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பை இப்போது யாரும் அவர்கள் எதிரில் சிரிப்பதில்லை. வெட்டும் பிரிவில் ஆள் வரவில்லை என்று ஒருநாள் உதவிக்குப் போன காலர்காரரின் வலது கை மெஷினில் சிக்கியது. விரல்கள் தப்பின. ஆனால் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் வளைய மறுத்துவிட்டன. சூப்பர்வைசர் நல்ல மனுஷன். "எப்ப முடியுதோ அப்ப வாங்க, உங்க சீட்டு அப்படியே இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். காலர்காரர் திரும்ப வேலைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த தையல் மெஷினைப் பழைய போர்வையால் மூடினார். ஏன் என்று அவள் கேட்டதற்கு ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னார்.

"இனிமே என் தையல்ல உன் அம்பு விழும். வேற யார் சொன்னாலும் தாங்கிக்குவேன். அதை மட்டும் என்னால பார்க்க முடியாது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. அவள் வேலைக்குப் போவாள், வருவாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவள் என்ன பேசினாலும் குற்றம் சொல்வதுபோலவே கேட்டது, அவளுக்கே கூட.

அந்தச் சமயத்தில்தான் செக்கிங் மேஜைக்குப் புதிதாக வந்த ஒரு பெண், வெள்ளந்தியாக, "அக்கா, நீங்க என்னென்ன தைப்பீங்க?" என்று கேட்டாள். அம்புக்காரி சுருளை வாயிலிருந்து எடுத்தாள். திரும்பக் கவ்விக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் துணியில் அவள் உண்டாக்கியது என்று சொல்ல ஒரு கைக்குட்டை கிடையாது. அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நூலகத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் துண்டுத்துணிப் போர்வையும் கைவேலையும் சொல்லித் தருகிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்ததும், யாரையும் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டாள். பழைய துணி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை, மெஷின் பக்கத்தில் கிடந்த துணிக்கூடையை அப்படியே பையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள்.

நூலகத்தின் மாடியில் நீளமான அறை. சுவரோரம் வரிசையாகத் தையல் மெஷின்கள், நடுவில் பெரிய மேஜை. வகுப்பை நடத்தியவர் ஒரு ஓவிய டீச்சர். கண்டிப்பான குரலில் வேடிக்கையான விதிகளாகச் சொன்னார். கொண்டுவந்த துணியையெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி நடு மேஜையில் குவிக்க வேண்டும். குவியலிலிருந்து யார் யாருடைய துண்டை வேண்டுமானாலும் எடுக்கலாம். தைத்ததைப் பிரிக்கக் கூடாது.

"கோணலா வந்துட்டா?" என்று அம்புக்காரி கேட்டாள்.

"கோணலாவே இருக்கட்டும்."

இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை. பையைத் திறந்து கொட்டினாள். கிழிந்த திரைச்சீலை, தலையணை உறைகள், அவற்றுக்கு அடியில் சுருட்டி வைத்த ஒரு நீலக் கோட்டு. தொழிற்சாலையில் எல்லாரும் மேலே போட்டுக்கொள்கிற கோட்டுதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் தைத்துப் பழகிவிட்டுத் தூக்கிப் போடும் கோட்டுகள் தரை துடைக்க என்று வீட்டுக்கு வருவதுண்டு. அதில் ஒன்று என்று நினைத்தாள்.

கை சும்மா இருக்குமா? கோட்டை விரித்துத் தடவிப் பார்த்தாள்.

"அட கடவுளே! யாரு பெத்த பிள்ளையோ!"

பக்கத்தில் இருந்த பஸ் கண்டக்டர் பெண் எட்டிப் பார்த்தாள். "ஏங்கா, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா? இங்க பாரு." கைப்பையிலிருந்து ஸ்டிக்கர்ச் சுருளை எடுத்தாள். "தோள்ல தையல் தடுமாறுது. ஒண்ணு. கைப்பக்கம் சுருக்கம். விளிம்பு ஏறி இறங்குது. இதெல்லாம் போகட்டும், காலரையே காணோம். பாதியிலயே பயந்து ஓடிட்டான்போல."

எதிரில் இருந்த பல் டாக்டரம்மா சிரித்துவிட்டார். மற்ற பெண்களும் கூடிவிட்டார்கள். அவள் பேச்சுக்கு ஆட்கள் சிரித்து எத்தனை நாளாயிற்று! அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்பு மேல் அம்பாக ஒட்டினாள். கடைசியாகப் பாக்கெட்டுக்கு வந்தாள். நெஞ்சில் இடது பக்கம் இருக்க வேண்டிய பாக்கெட் வலது பக்கம் இருந்தது. சின்னதாக, கொஞ்சம் சாய்வாக.

"இதைப் பாருங்க. கட்டையில போறவனுக்கு வலது எது இடது எதுன்னே தெரியல!"

அறையே குலுங்கியது. அம்புக்காரி கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் இடதுகைக்காரி. அங்கிருந்த கத்தரிக்கோல் அவளுக்கு ஒத்துவராமல் கட்டைவிரலை அறுத்தது. அதையும் பொருட்படுத்தாமல் கோட்டை நறுக்கித் தள்ளினாள். பாக்கெட் இருந்த துண்டைக் கண்டக்டர் பெண், "இது எனக்கு, விசில் வெச்சுக்குவேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். மீதி நீலத் துண்டுகள் குவியலுக்குப் போய், ஆளுக்கு ஒன்றாகக் கலைந்தன.

அதற்குப் பிறகு அவளுடைய முறை வந்தது. மெஷினில் உட்கார்ந்தாள். இரண்டு துண்டுகளை இணைத்தாள். கோணல். பிரிக்கப் போனாள். டீச்சர் வந்து பிரிக்கிற ஊசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்ததும் கோணல். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கோ உடம்பெல்லாம் கூசியது. மாலை வரைக்கும் நாலைந்து துண்டுகளை இணைத்ததற்கே முதுகு வலித்தது. நாளை மாலை வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னார். நல்லவேளை, என் வீட்டு ஆள் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. காலர்காரர் தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரி திறந்து கிடந்தது. துணிக்கூடை கவிழ்ந்து கிடந்தது.

"ஏங்க, என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அம்புக்காரியின் கண் தன் வேலையைச் செய்தது. மெஷினை மூடியிருந்த போர்வையின் மடிப்பு அவள் பார்த்துப் பழகிய மடிப்பு இல்லை. மெதுவாகத் தூக்கினாள். ஊசியில் நீல நூல். மிதிக்கு அடியில் நீலத் துணிப் பொடிசுகள். மெஷின் பலகையில், செய்தித்தாளில் வெட்டிய ஓர் அளவு மாதிரி. அதை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். தோளுக்குத் தோள், இடுப்புக்கு இடுப்பு, அவளுக்கு வெட்டியது. வலது பக்க நெஞ்சில் பென்சிலால் சாய்வாக ஒரு கட்டம்.

அவளுடைய இடது கை தானாக எழுந்து அந்தக் கட்டத்துக்குப் போனது. சரியாகப் போய் நின்றது. தொழிற்சாலைக் கோட்டில் பாக்கெட் இடது பக்கம். இடதுகைக்காரிக்கு அது எட்டாது. அதனால்தான் இத்தனை காலமும் சுருளை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. காலர் லைனில் உட்கார்ந்தபடி ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவள் வேலைக்குப் போன பிறகு, அந்த வளையாத விரல்களோடு, யாருக்கும் தெரியாமல் அவர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். காலரைக் கடைசிக்கு வைத்துவிட்டு, தைத்தவரைக்கும் கூடையின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். அதைத்தான் அவள் ஊரைக் கூட்டி, அம்பு ஒட்டி, சிரிக்கச் சிரிக்க வெட்டிப் போட்டாள். இது தெரிந்தால் அந்த மனுஷன் இனி ஜென்மத்துக்கும் ஊசியைத் தொடமாட்டார்.

"கூடையில இருந்த துணி எங்க?" பின்னால் அவர் குரல். அவள் போர்வையை இழுத்து மூடினாள்.

"வகுப்புக்கு... எடுத்துட்டுப் போனேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"வெட்டியாச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இன்னும் இல்ல. நாளைக்குத்தான்" என்று வந்தது.

அவர் மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. "அதுல ஒரு நீலக் கோட்டு இருக்கும். அதை மட்டும் வெட்டாதே."

"யாருது அது?"

"யாருதோ. விடு. நாளைக்கு ஆளுங்க வந்து பார்க்கலாமாமே, கீழ் வீட்டுல சொன்னாங்க. நானே வந்து வாங்கிக்கறேன்."

மாதக்கணக்கில் வாசலைத் தாண்டாத ஆள். வா என்று அழைத்தபோதெல்லாம் வராதவர். இப்போது வருகிறேன் என்கிறார், வராதே என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகக் கதவு திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். பெண்கள் வந்து உட்கார்ந்ததும் நடு மேஜைக்கு முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். விரல்கள், மெஷின், பாக்கெட், பொய், எதையும் விடவில்லை. நேற்று சிரித்த முகங்களில் ஈயாடவில்லை.

"எனக்கு அந்த நீலத் துண்டெல்லாம் திரும்ப வேணும்."

"தைச்சதைப் பிரிக்கக் கூடாதுன்னு..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"விதி போட்டவளே நான்தான்" என்றார் டீச்சர். பிரிக்கிற ஊசியை எடுத்து மேஜையில் வைத்தார்.

முதலில் பல் டாக்டரம்மாதான் குனிந்தார். வலிக்காமல் பிடுங்கும் கை என்று ஊரில் அவருக்குப் பெயர். தன் போர்வையின் நடுவிலிருந்து நீலத் துண்டை நூல் சிதையாமல் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். ஆனால் பாக்கெட் வரவில்லை. கண்டக்டர் பெண்ணுக்கு அன்று காலையில் டியூட்டி. மத்தியானத்துக்கு மேல்தான் வருவாள். பாக்கெட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

கிடைத்த துண்டுகளை அம்புக்காரி மேஜையில் அடுக்கினாள். அடுக்கியதுமே தெரிந்துவிட்டது. வெட்டிய ஒவ்வொரு ஓரத்தையும் மடித்துத் தைத்தால் கோட்டு சின்னப் பிள்ளைக்குத்தான் ஆகும். சேராது. இதை அந்த அறையில் அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"அப்படியே திருப்பித் தைக்க முடியாது டீச்சர்."

"தெரியுது. வேற என்ன பண்ணலாம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் எதையும் பண்ணினதே இல்லையே!"

டீச்சர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். யோசனை எதுவும் சொல்லித் தரவில்லை. அம்புக்காரிக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடு திரைச்சீலையை உதறி விரித்தாள். கையில் கொண்டுவந்திருந்த செய்தித்தாள் மாதிரியை அதன்மேல் வைத்துக் கோட்டின் வடிவத்தை வெட்டினாள். அது உள்துணி. அதன்மேல் நீலத் துண்டுகளை, கோட்டில் எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கே வைத்தாள். நடுவில் இடைவெளிகள் விழுந்தன. அவற்றை என்ன செய்வது? குவியலைப் பார்த்தாள். டாக்டரம்மாவின் கட்டம்போட்ட மேஜை விரிப்பு, யாருடையதோ மஞ்சள் பாவாடைத் துணி, ஒரு பள்ளிக்கூடச் சட்டை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். இது வேண்டாம். இது... இது நன்றாக இருக்கிறது.

நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பல் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

பிறகு மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போனது. தையல் ஓடியது, தடுமாறியது, திரும்ப ஓடியது. பிரித்துத் தைக்க நேரம் கிடையாது. அவருடைய கோணல் தையலுக்குப் பக்கத்திலேயே அவளுடைய கோணல் தையலும் போனது. அவர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் கை தனக்கு வேண்டிய துணியைத் தானே தேடி எடுத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வேகம் அவள் அறிந்ததில்லை.

கோட்டின் கைகளை இணைத்து முடித்தபோது வீட்டு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கண்டக்டர் பெண்ணைக் காணவில்லை. வாசலில் காலர்காரர் நின்றார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"கோட்டை எடுத்து வெச்சியா?"

அவள் அதை மேஜையில் விரித்தாள். அவர் பார்த்தார். நீலத் துண்டு ஒவ்வொன்றாக அவர் கண் போனது.

"நேத்தே வெட்டிட்டேன்" என்றாள். "உங்களுதுன்னு தெரியாது. அம்பு ஒட்டி எல்லாருக்கும் காட்டிச் சிரிச்சேன். வெட்டலைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

காலர்காரர் குனிந்தார். இடது கையால் கோட்டின் கைப்பகுதியைத் தூக்கினார். அக்குளுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு. அவசரத்தில் எடுக்காமல் விட்டது. அவர் முகம் சுருங்கியது. நகத்தால் அதைக் கிள்ளி எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"போயிட்டு வரேன்" என்று திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து, சீருடையோடு, மூச்சிரைக்கக் கண்டக்டர் பெண் உள்ளே வந்தாள். தோளில் ஒரு பை, பையின்மேல் தைத்திருந்த அந்த நீலப் பாக்கெட். எதிரில் வந்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா, இந்தாங்க உங்க பாக்கெட், எனக்கு வேணாம்! வலது கையால விசில் எடுக்கறதுக்குள்ள பஸ்ஸு அடுத்த ஸ்டாப்புக்குப் போயிடுது. இடது கையை விட்டா மட்டும் வெண்ணெய் மாதிரி போகுது. வெச்ச ஆளு தப்பா வெக்கலக்கா. யாரோ ஒரு இடதுகைக்காரியை நினைச்சு வெச்சிருக்கான்."

காலர்காரர் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கண்டக்டர் பெண்ணின் பக்கம் இடது கையை நீட்டினார். அவள் அங்கேயே பிரித்துக் கொடுத்தாள்.

அவர் மெஷினில் உட்கார்ந்தார். கால்சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்தார். இத்தனை பேர் முன்னால் அந்த இரண்டு விரல்களும் விறைத்து நின்றன. கோட்டின் வலது நெஞ்சில் பாக்கெட்டை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மெதுவாக மிதித்தார். அம்புக்காரி பக்கத்தில் நின்றாள். துணி நழுவியது. அவள் கை உதவப் போனது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கீழ் மூலையில் தையல் விலகுவதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். நிறுத்தவில்லை.

முடித்ததும் நூலை அறுத்து, கோட்டை அவள் பக்கம் தள்ளினார். செக்கிங் மேஜைக்கு அனுப்புவதுபோல.

"பாரு."

"நல்லா..." என்று ஆரம்பித்தாள். அவர் கண் அவள் முகத்தில் இருந்தது. அது பொய்யைக் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. நேற்று ஒன்று சொன்னது போதும்.

"கீழ் மூலையில விலகியிருக்கு" என்றாள்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். கண்டக்டர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. பாக்கெட் நிக்கும்."

"அவ்வளவுதானா? பெரிய தப்பை விட்டுட்டியே, அம்புக்காரி." அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு எத்தனை மாதமாயிற்று! விரல் நுனியில் ஒட்டியிருந்த அந்தச் சிவப்பு அம்பை எடுத்து, கோட்டின் வெறும் கழுத்தில் ஒட்டினார். "காலரைக் காணோம் பாரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரில் இருந்தது எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"அம்பு விழுந்தா பீஸு டெய்லர்கிட்டதானே வரணும்" என்று சொல்லி, கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காலர்காரர் முன்னால் படியிறங்கினார்.